மஸ்கட்டில் ஏழு வருடம்

ஜனவரி 20, செவ்வாய்

இந்த நோட்டை ரொசாரியோ சார் இன்று வகுப்பில் கொடுத்தார். நூறு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் எண் அச்சாகியிருக்கிறது, முதல் பக்கத்தில் துறை முத்திரை. வேதியியல் துறையில் மிச்சமிருந்த ரெக்கார்டு நோட்டுகளைக் கேட்டு வாங்கி வந்திருப்பார் என்று நினைக்கிறேன். அட்டையில் ஆசிட் வாசனை அடிக்கிறது.

பல்கலைக்கழகம் முதல் முறையாக ஒரு மாணவர் விருது கொடுக்கப் போகிறது. செயற்கை நுண்ணறிவோடு சேர்ந்து ஒரு கதை எழுத வேண்டும். கதையை மட்டும் கொடுத்தால் போதாது. ஏஐயோடு நாம் பேசிய உரையாடல் முழுவதையும் ஒரு வரிகூட வெட்டாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கதை வளர்ந்த விதத்தைத் தேதி போட்டு இந்த நோட்டில் கையால் எழுதி வர வேண்டும். இறுதிச் சுற்றுக்குப் போனால் இதையும் மேடையில் ஒப்படைக்க வேண்டுமாம். பக்கம் கிழிக்கக் கூடாது, அடித்து எழுதலாம்.

“கதைய யார் வேணும்னாலும் குடுத்துரலாம்மா. அது எந்த வழியா வந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்” என்றார் சார்.

முதல் பரிசு வாங்குபவருக்குச் சென்னையில் இணையத் தொடர் எழுதும் குழு ஒன்றில் ஓராண்டு வேலை. அதைக் கேட்டபிறகு சார் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. மே மாதம் என் எம்.ஏ. முடிகிறது. வேலை இல்லாமல் எங்கள் ஊர் கோபிக்குத் திரும்பினால் என்ன நடக்கும் என்று அப்பா பொங்கலுக்கே சொல்லிவிட்டார். “மூணு எடத்துல ஜாதகம் கேட்டிருக்காங்க கண்ணு. சிந்துஜா படிப்பு முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்கேன்.” மூன்றும் நல்ல இடமாம். எனக்கு வேண்டியது நாலாவது இடம்.

ஜனவரி 29, வியாழன்

உருப்படியாக ஒன்றும் வரவில்லை. நான் என்ன சொன்னாலும் ஏஐ எழுதும் கதையில் மழை பெய்கிறது. கதாநாயகி ஜன்னலோரம் நிற்கிறாள். கடைசியில் புன்னகைக்கிறாள். வெயிலில் நடக்கிற கதை வேண்டும் என்று கேட்டேன். வெயில் அடித்தது. நாலாவது பத்தியில் மேகம் திரண்டுவிட்டது.

குளியலறையில் வாளியை மறந்து வைத்துவிட்டு வந்தேன். யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

பிப்ரவரி 1, ஞாயிறு

இசக்கிக்கு ஊரிலிருந்து பார்சல் வந்தது. இசக்கியம்மாள் என் அறைத்தோழி, நூலக அறிவியல் படிக்கிறாள், நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். அவளுக்கு அப்பா இல்லை, மூன்று வருடத்துக்கு முன் தவறிவிட்டார். அம்மாவும் ஓர் அண்ணனும். அண்ணன் பெயர் வானமாமலை, மஸ்கட்டில் ஏழு வருடமாக வேலை. அவர் வீட்டுக்கு அனுப்பும் பேரீச்சம்பழமும் தைலமும் சோப்பும் பங்கு பிரிந்து நாலு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் அறைக்கும் வரும். இரண்டு வருடமாக எங்கள் வராந்தாவே மலையண்ணன் புண்ணியத்தில் பேரீச்சை தின்கிறது.

இன்று காலி டப்பாவைக் குப்பையில் போடத் திருப்பினேன். அடியில் பாதி கிழிந்த விலைச்சீட்டு ஒட்டியிருந்தது. திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு ஃபாரின் சாமான் கடையின் பெயர்.

“ஏன் இசக்கி, மஸ்கட்டு ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலயா இருக்குது?” என்று கேட்டேன். சும்மா கிண்டலுக்குத்தான் கேட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். பிறகு இரண்டு மணி நேரம் பேசினாள். அவள் சொன்னதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவர்கள் வீட்டு விஷயம்.

சாயங்காலம் துணி துவைத்தேன். இசக்கியின் துணியையும் சேர்த்துத் துவைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 2, திங்கள்

கதை கிடைத்துவிட்டது.

பிப்ரவரி 7, சனி

நன்றாக நகர்கிறது. கதை இதுதான்: மகன் சிறையில் இருக்கிறான். ஊரில் யாருக்கும் தெரியாது. சிங்கப்பூரில் இருக்கிறான் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். ஊர் நம்புவதற்காக அவளே கடையில் சாமான் வாங்கி, அவளே பார்சல் கட்டி, அவளே தபாலில் போட்டு, அவளே கையெழுத்துப் போட்டு வாங்கி, சொந்தக்காரர்களுக்கு ‘மவன் அனுப்பினான்’ என்று கொடுக்கிறாள்.

கதையில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். ஊரை ராமநாதபுரம் பக்கம் கொண்டுபோய்விட்டேன், மஸ்கட்டைச் சிங்கப்பூராக்கிவிட்டேன், தங்கையே கிடையாது. யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

ஏஐ நல்ல கேள்வியாகக் கேட்கிறது. பார்சலில் முகவரி யார் கையெழுத்து? கடைக்காரருக்குச் சந்தேகம் வராதா? மகன் எப்படி உள்ளே போனான்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மழை ஒரு சொட்டுகூட இல்லை.

பிப்ரவரி 8, ஞாயிறு

கதையில் வரும் அம்மா வானொலிச் செய்தி வாசிப்பவர்போலப் பேசுகிறாள். இயந்திரத்துக்கு அந்தப் பேச்சு வரவில்லை. மாதிரிப் பேச்சு ஒன்று கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். மதியம் அதற்கு வழி கிடைத்தது.

மெஸ்ஸில் இசக்கியோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் அம்மா எப்படிப் பேசுவாள் என்று கேட்டேன். அப்படியே பேசிக் காட்டினாள். “ஏ இசக்கி, அவன் வந்து நிக்கதுக்கு ஒரு வாசல் வேணும்லா. அதுக்குத்தான் இந்தப் பொய்யப் போட்டு அடைச்சு வச்சிருக்கேன்.” சிரித்துக்கொண்டே சொன்னவள் பாதியில் கண்ணைத் துடைத்தாள். “ஒங்கிட்ட சொன்னா பாரம் கொறையுது ஏட்டி” என்றாள்.

தலைவலி. மாத்திரை போட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

சமர்ப்பித்தாகிவிட்டது. கதையின் பெயர் ‘பார்சல்’. உரையாடலை ஒரே சொடுக்கில் இறக்கி இணைத்தேன், 61 பக்கம். படித்துப் பார்க்க நேரமில்லை. எழுதியது நான்தானே, படிக்க என்ன இருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

நூற்றுப் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர். நான் அதில் ஒருத்தி.

அறிவிப்புப் பலகையில் என் பெயரை முதலில் பார்த்தது இசக்கிதான். நூலகத்திலிருந்து அறைவரைக்கும் ஓடிவந்திருக்கிறாள். மூச்சு வாங்க, “சிந்து, ஒம்பேரு போட்டிருக்காவ” என்று என்னைக் கட்டிக்கொண்டாள். கேன்டீனில் எனக்கு முட்டைப் பரோட்டா வாங்கித் தந்தாள்.

“என்ன கத ஏட்டி? எனக்குக் காட்டவே இல்லியே.”

“ஒரு அம்மாவப் பத்தி.”

“அம்மையப் பத்தின்னா நல்லாத்தான் இருக்கும்.”

17-ஆம் தேதி ஐந்து பேருடைய கதையும் உரையாடலும் பல்கலைக்கழக இணையதளத்தில் ஏறும். அரங்க வாசலில் பலகைகளில் ஒட்டுவார்கள். 18-ஆம் தேதி மேடையில் நாடகக் குழு மாணவர்கள் உரையாடலிலிருந்து சில பக்கங்களை வாசித்து நடிப்பார்களாம். அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். “சந்தோஷம் கண்ணு. பரிசு குடுத்தா அப்புறம் பேசிக்கலாம்” என்றார். அவர் வாயிலிருந்து ‘பேசிக்கலாம்’ வந்ததே பெரிய விஷயம்.

மார்ச் 7, சனி

உரையாடலை இன்றுதான் படித்தேன்.

கதையில்தான் எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். இயந்திரத்தோடு பேசும்போது எதையும் மாற்றவில்லை. நாலாம் பக்கத்தில் நான் தட்டியிருப்பது: என் அறைத்தோழி இசக்கியம்மாளின் அண்ணன் வானமாமலை. ஊர்ப் பெயர். தெருப் பெயர்கூட. மேற்கே ஒரு மில் ஊருக்கு வேலைக்குப் போனது, விடுதி அறையில் குடித்துவிட்டு நடந்த சண்டை, ஒருவர் செத்துப்போனது, பத்து வருடத் தண்டனை, நன்னடத்தையில் ஏழாகக் குறைந்தது. மாதம் ஒருமுறை இசக்கி ‘சித்தி வீட்டுக்கு’ என்று போவது அவரைப் பார்க்கத்தான் என்பது. அவர் வெளியே வந்ததும் மஸ்கட்டிலிருந்து வருவதுபோல ஊருக்குள் வர வேண்டும், அதற்காகத்தான் இத்தனையும் என்பது. ஒன்பதாம் பக்கத்தில் நீளமாக ஒரு பேச்சு.

இவ்வளவையும் நான் ஏன் சொன்னேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். அது கேட்டது, சொன்னேன். மனிதரிடம் சொல்கிறோம் என்ற கூச்சம் வரவில்லை. கிணற்றில் போடுவதுபோல் போட்டிருக்கிறேன்.

பதினேழாம் தேதிக்கு இன்னும் பத்து நாள்.

மார்ச் 9, திங்கள்

ரொசாரியோ சாரைப் பார்த்தேன். உரையாடலில் இரண்டு மூன்று இடத்தில் பெயர்களை மட்டும் மறைக்கலாமா என்று கேட்டேன்.

“வெட்டினா தகுதி போயிடும்மா. விதி அப்படி. உனக்குத் தளர்த்தினா மத்த நாலு பேரும் வருவாங்க.”

“சில சொந்த விஷயம் இருக்குதுங்க சார்.”

“உன்னோடதா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விலகுவதென்றால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகு எல்லாம் அச்சகத்துக்கும் இணையதளத்துக்கும் போய்விடும் என்றார். நான் விலகுவதாகச் சொல்லவே இல்லை. அவராகத்தான் சொன்னார்.

மார்ச் 10, செவ்வாய்

61 பக்கத்தை யார் உட்கார்ந்து படிக்கப் போகிறார்கள்.

மார்ச் 11, புதன்

இசக்கி வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே காத்திருந்தாள். மலையண்ணனுக்கு விடுதலைத் தேதி வந்துவிட்டது. மார்ச் 28.

“பங்குனி உத்திரம் ஏப்ரல் ஒண்ணாந் தேதி வருது. அம்மை சொல்லிட்டா, அவன் நேரா சாஸ்தா கோயிலுக்கு வந்துரட்டும்னு.”

அவர்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு சாஸ்தா உண்டாம். எங்கே பிழைக்கப் போயிருந்தாலும் பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்துவிட வேண்டும். பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று நூறு பேர் ஒரே இடத்தில் பொங்கலிட்டு, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அந்தப் பந்தியில் உட்கார்ந்தவனை அதற்குப் பிறகு ஊருக்குள் வராதே என்று யாரும் சொல்ல முடியாது. இதுதான் அவள் அம்மா போட்டிருக்கும் கணக்கு.

“அங்க வச்சு எல்லாரும் கேப்பாவ. எங்க இருந்த, என்ன வேல, முதலாளி யாரு, என்னத்தத் தின்ன. அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. ஏட்டி, நீ அந்த மிஷினுட்ட கேட்டுக் கத எழுதுதியே. மஸ்கட்ல ஏழு வருசம் ஒருத்தன் எப்பிடி இருந்திருப்பான்னு எனக்கு எழுதித் தருவியா? அவன் உள்ள இருந்தே படிச்சுப் பாடம் பண்ணிருவான்.”

தலையாட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மார்ச் 12, வியாழன்

புது உரையாடல் தொடங்கினேன். இந்த முறை ஒரு பெயர்கூடத் தட்டவில்லை. ‘ஒரு மனிதர்’ என்று மட்டும் சொன்னேன். இவ்வளவு எளிதான வேலையைப் பிப்ரவரியில் ஏன் செய்யவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

சாயங்காலம் முழுவதும் இருவரும் கட்டிலில் உட்கார்ந்து மஸ்கட்டைக் கட்டினோம். சிறையில் அவருக்குச் சமையல்கட்டு வேலை. அதனால் அங்கேயும் தொழிலாளர் கேம்ப்பில் சமையல்காரர் ஆக்கினோம், கை பழகிய வேலையைக் கேட்டால் தடுமாற மாட்டார். மஸ்கட்டில் ரூவி என்ற பகுதியில் அறை, ஓர் அறைக்கு எட்டுப் பேர். வெள்ளிக்கிழமை லீவு. கடற்கரை வெயிலில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். மேற்பார்வையாளர் கேரளத்துக்காரர், பெயர் மட்டும் நீளம், சம்பளம் கொடுக்க மனம் கட்டை. இசக்கி இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து நழுவினாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அப்பா இறந்தபோது ஏன் வரவில்லை என்று கட்டாயம் கேட்பார்கள் என்றாள். மஸ்கட் கதையின் ஏழாம் பக்கத்துக்கு ஒரு பதில் எழுதினேன்: ‘பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது மாமா. கையைக் காலைப் பிடித்தும் தரவில்லை.’ “நல்லாருக்கு” என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். “எல்லாரையும் சமாளிச்சிரலாம். சித்தப்பா மவன் ஒருத்தன் இருக்கான், மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேல. எங்க ஊர்ப் பேர்ல பேஸ்புக்குப் பக்கம் நடத்துதான். எங்கயாவது எங்க ஊர்ப் பேரு வந்தா போதும், தேடிப் பிடிச்சுக் கொண்டாந்து போட்டுருவான். அவன நெனச்சாத்தான் பயம்.”

நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

மார்ச் 13, வெள்ளி. காலை 8.30

இந்த நோட்டில் இரண்டு விஷயத்தை நான் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். பக்கம் கிழிக்க முடியாது என்பது நல்லதுதான்.

ஒன்பதாம் பக்கத்துப் பேச்சு. அது நான் ஞாபகத்திலிருந்து எழுதியது இல்லை. பிப்ரவரி 8 அன்று மெஸ் மேசையில் போனைக் கவிழ்த்து வைத்துப் பதிவு செய்தேன். இசக்கி பேசியது, அம்மாபோலப் பேசிக் காட்டியது, அழுதது எல்லாம். அதை எழுத்தாக மாற்றி அப்படியே இயந்திரத்துக்குக் கொடுத்தேன்.

இருபத்து மூன்றாம் பக்கம். ஏஐ என்னிடம் கேட்டிருக்கிறது: ‘நீங்கள் பகிர்ந்திருப்பது உண்மையான ஒருவருடைய வாழ்க்கைபோல் தெரிகிறது. இதைக் கதையாக்க அவர் சம்மதித்திருக்கிறாரா?’ நான் ‘ஆமாம், அவள் சொல்லித்தான் எழுதுகிறேன்’ என்று தட்டியிருக்கிறேன். ஒரு நொடிகூட யோசித்த ஞாபகம் இல்லை.

ஆறு நாளாக நான் பயந்தது இசக்கிக்காக என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிதான் நிஜம். அந்த இருபத்து மூன்றாம் பக்கத்தை மேடையில் எவளாவது என் குரலில் வாசிப்பாள் என்பதற்கும் பயந்தேன்.

பிற்பகல் 2.10

விலகல் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்தேன். இந்த நோட்டில்தான் கிழிக்கக் கூடாது, வெள்ளைத்தாளில் கிழிக்கலாம்.

இன்னொரு வழி இருக்கிறது. இசக்கியிடமே போய்க் கேட்டுவிடலாம். என் நிலைமையைச் சொன்னால் ‘போடட்டும் விடுட்டி, ஒனக்கு வேல கெடைக்கும்லா’ என்று சொன்னாலும் சொல்வாள். அப்படிச் சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. சொல்லிவிட மாட்டாளா என்று ஆசையாகவும் இருக்கிறது. அந்த ஆசையைப் பார்த்தபிறகு கேட்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது.

மதியம் சாப்பிடவில்லை. மெஸ்ஸில் வெள்ளிக்கிழமை பாயசம். இசக்கி எனக்கு ஒரு டம்ளரில் கொண்டுவந்து மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

மாலை 5.40

நாலே முக்காலுக்குத் துறைக்குப் போனேன். சார் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். திரும்பத் திறந்தார். கடிதத்தை நின்றுகொண்டே படித்தார்.

“சொந்தக் காரணம்னு போட்டிருக்க.”

“ஆமாங்க சார்.”

“மூணு நடுவர்ல ரெண்டு பேர் உன் கதைக்கு முதல் எடம் போட்டிருக்காங்க. நான் இதச் சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம உன் கையெழுத்த வாங்கினா எனக்குத் தூக்கம் வராது.”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்துக்கு எட்டு நிமிடம் இருந்தது. எட்டு நிமிடமும் நின்றேனா, ஒரு நிமிடம்தான் நின்றேனா என்று தெரியாது. சென்னையும் கோபியும் மாறி மாறி வந்தன. ‘ஜாதகம்’ என்று அப்பா சொல்லும் குரல்கூடக் கேட்டது.

“சார், கோப்பு வேற யார்கிட்டங்க இருக்குது?”

“நடுவர்களுக்குக் கதையும் நாடகக் குழு எடுத்த பக்கங்களும்தான் போச்சு. முழு உரையாடல் எங்கிட்ட மட்டும் இருக்கு.” பிறகு மெதுவாகக் கேட்டார். “நான் நாலாம் பக்கம் படிச்சேன்மா. அவ்வளவும் நீ கட்டினதுன்னு நெனச்சேன். என்னமா விவரம் வெச்சிருக்கான்னு பாராட்டிக்கிட்டிருந்தேன். கட்டினது இல்லையா?”

“இல்லைங்க சார்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கணினியைத் திறந்து என் கண் முன்னால் கோப்பை அழித்தார். அழித்ததைக் குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். நாடகக் குழுவுக்குப் போன் செய்து என் பக்கங்களைத் திருப்பி வாங்கிவரச் சொன்னார். அவர்கள் எடுத்திருந்தது 30-ஆம் பக்கத்துக்குப் பிறகு வருபவை, அதில் பெயர் எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன். இந்த நோட்டையும் இனி ஒப்படைக்க வேண்டாம் என்றார். என்னை அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மார்ச் 14, சனி

இசக்கியிடம் சொல்லிவிட்டேன். காலையில், அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தபோது. வரிசையாகச் சொன்னேன், மெஸ் மேசை, நாலாம் பக்கம், இருபத்து மூன்று, வெள்ளிக்கிழமை. கடைசியில் எல்லாம் அழித்தாகிவிட்டது என்று சொன்னபோது, அதை நல்ல செய்திபோல் சொல்கிறேனே என்று எனக்கே அருவருப்பாக இருந்தது.

அவள் துண்டைக் கொடியில் போட்டாள்.

“எங்க அம்மை பேசுத மாதிரி நான் பேசிக் காட்டினேன்லா. அப்பவும் போனு ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சா?”

“ஆமா.”

“நான் அழுதப்ப நீ எந்தோள்ல கை போட்ட. அப்பவும்?”

“ஆமா இசக்கி.”

“யாராவது கண்டுபிடிச்சிருவாவன்னு ஏழு வருசமா பயந்தோம். கடைக்காரனுக்குப் பயந்தோம், தபால்காரருக்குப் பயந்தோம். ஒனக்குப் பயப்படணும்னு தெரியாமப் போச்சு.”

மத்தியானம் எதிர் அறைக்குப் பெட்டியை மாற்றிக்கொண்டாள். வாசலில் நின்று, என்னைப் பார்க்காமல், “மஸ்கட்ட முடிச்சுக் குடுத்துரு. அது எனக்கு வேணும்” என்றாள்.

மார்ச் 18, புதன்

மற்ற நாலில் மழை பெய்யும் கதைக்குத்தான் பரிசு.

மார்ச் 19, வியாழன்

அப்பா போன் செய்தார். பரிசு இல்லை என்றேன். “அது கெடக்குது விடு கண்ணு. மே மாசம் அந்த மூணாவது எடத்துக்காரங்க வர்றேன்னாங்க” என்றார். வரட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டு தொலைக்காட்சிக்கும் ஒரு பதிப்பகத்துக்கும் விண்ணப்பம் அனுப்பினேன்.

மார்ச் 21, சனி

மஸ்கட் முடிந்தது, பன்னிரண்டு பக்கம். எதிர் அறைக் கதவைத் தட்டிக் கொடுத்தேன். இன்று அவள் அண்ணனைப் பார்க்கப் போகிற நாள். எண்ணிப் பார்த்தாள், பையில் வைத்துக்கொண்டாள். “இதுல எங்க பேரு எங்கயும் போடலியே?” என்று கேட்டாள். போடவில்லை என்றேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

என் போனிலிருந்த பதிவையும் பழைய உரையாடலையும் அழித்தேன். அன்றைக்கே அவள் முன்னால் அழித்திருக்க வேண்டும்.

மார்ச் 28, சனி

இன்று விடுதலை. இசக்கி நேற்றே போய்விட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளித்தேன். வேறொன்றும் ஓடவில்லை.

ஏப்ரல் 1, புதன்

பகல் பன்னிரண்டரைக்கு இசக்கியின் எண்ணிலிருந்து போன் வந்தது. பதினெட்டு நாளில் முதல் முறை. எடுத்து ‘இசக்கி’ என்றேன். அவள் பேசவில்லை. மேளச் சத்தமும் பாத்திரச் சத்தமும் கேட்டன. தெரியாமல் அழுத்திவிட்டாளோ என்று நினைத்தேன். பிறகு ஓர் ஆண் குரல் பக்கத்தில் கேட்டது, நிதானமான குரல்.

“ரூவில ரூம் மாமா. ஒரு ரூம்புக்கு எட்டுப் பேரு.”

என் இரண்டாம் பக்கம்.

இசக்கி போனை எனக்காகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறாள். நான் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். யாரோ கேட்கிறார்கள், அவர் சொல்கிறார். செருப்பு வெயிலில் ஒட்டுவது வந்தது. கேரளத்து மேற்பார்வையாளர் வந்தார், பத்துப் பேர் சிரித்தார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைக்கு வெளியே நிற்கும் ஆளைப்போல ஒவ்வொரு பதிலுக்கும் எனக்கு மூச்சு நின்று நின்று வந்தது. ஒரு இளைஞன் குரல், “அண்ணே, ரூவில எந்தப் பக்கம்?” என்றது. அந்தச் சித்தப்பா மகனாகத்தான் இருக்கும். “பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால. நீ வந்துருக்கியால?” “இல்லண்ணே, சும்மா கேட்டேன்.” நான் மூச்சு விட்டேன்.

அப்புறம் வயதான ஒரு குரல். மாமாவாக இருக்க வேண்டும். சத்தம் போடாமல்தான் கேட்டார்.

“எல்லாம் சரிலே. ஒங்கப்பன் செத்ததுக்கு ஏம்ல வரல? கொள்ளிய நான்தான வச்சேன்.”

ஏழாம் பக்கம். என் வாய் தானாக முணுமுணுத்தது: பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருந்தது மாமா. சொல்லுங்கண்ணா. பாஸ்போர்ட்.

அவர் சொல்லவில்லை. மேளம் அடித்து நின்றது. எங்கோ ஒரு கரண்டி விழுந்தது. அவர் மறந்துவிட்டார் என்று நினைத்தேன். போச்சு, ஏழு வருடமும் இதோடு போச்சு என்று நினைத்தேன்.

பிறகு பேசினார். மூன்று வாக்கியம். அப்பா இறந்த தகவல் வந்த வேளையில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று. அது என் பன்னிரண்டு பக்கத்தில் இல்லை. எந்த இயந்திரத்தாலும் அதைச் சொல்லியிருக்க முடியாது, என்னாலும் முடியாது. எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு பெண் அழுதாள். அது அந்த அம்மாதான், இசக்கி பேசிக் காட்டிய அதே குரல்.

மாமா மூக்கைச் சிந்தினார். “சரிலே. வா, நம்ம வரிசைல உக்காரு. ஏ, இவனுக்கு ஒரு எல போடுங்க.”

அதோடு போன் நின்றது.

நான் கதை எழுத ஆரம்பித்ததிலிருந்து அப்படி மூன்று வாக்கியம் கேட்டதில்லை. ஒரு சொல் மாறாமல் ஞாபகம் இருக்கிறது. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். அதை இங்கே எழுதப் போவதில்லை.

இசக்கி திங்கட்கிழமை வருகிறாள். இந்த நோட்டை அவளிடம் கொடுத்துவிடுவேன். வைத்துக்கொள்வதோ எரிப்பதோ அவள் இஷ்டம். முதல் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்துவிட்டேன், ஒரு பக்கமும் குறையவில்லை.